டிங் இல்லாத ஒன்பது பாட்டும் முழுக்கக் கேட்ட ரத்தினபாய் அம்மையாரும்

குரோம்பேட்டை நாதவெளி ஆடியோஸ் நிறுவனத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, உரிமைப் பிரிவு மேலாளராக ஓய்வு பெறும் திருமதி ரத்தினபாய் ஆஸ்டின் அவர்களுக்கு உடன் உழைத்தோர் உளமாரப் படைத்தளிக்கும் மடல்

செவிச் செல்வம் சேர்த்த சீமாட்டியே! கேட்பதையே கடமையாகவும் கேள்வியையே கருவியாகவும் கொண்ட காரிகையே! களவைத் துரத்திய காவலரே! கள்வனைக் கண்டாலும் கடிந்துகொள்ளும் முன் "ஏன்?" என்று கனிவுடன் வினவிய கருணைக் கடலே! வணக்கம், வணக்கம், நூறு முறை வணக்கம்!

(கருணைக் கடல் வேண்டாமென்று அம்மையார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பேக்கிங் பிரிவினர் பிடிவாதம் பிடித்ததால் இருக்கிறது.)

இப்படியொரு மடல் தயாராகிறது என்று தெரிந்த அன்றே அம்மையார் எங்கள் மேசைக்கு வந்து எச்சரித்தார். "மூஞ்சிக்கு நேரா நீங்க அப்படி, நீங்க இப்படின்னு வாசிச்சீங்கன்னா, நான் எழுந்து போய் கேன்டீன்ல உட்கார்ந்துப்பேன்" என்றார். போகக்கூடியவர்தான். ஆகவே இம்மடலின் நடுப்பகுதி முழுவதும், இந்த மண்டபத்திலேயே இல்லாத யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல, அவரை "அவர்" என்றே சொல்லப் போகிறோம். முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருப்பவர் தயவுசெய்து எழ வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், ஜி.எஸ்.டி. சாலையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தபோது, ஒலிச் சரிபார்ப்பாளராக அவர் சேர்ந்தார். பிரதி எடுத்து வரும் கேசட்டுகளில் பத்துக்கு ஒன்றை எடுத்துக் கேட்டுப் பழுது பார்ப்பது வேலை. மற்றவர்கள் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்கள். அவர் முழுக்கக் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் கேட்டார். நாடா ஓடி ஓடித் தானே நிற்கும் வரை காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு... இல்லை, மன்னிக்க வேண்டும், ஒலிவாங்கி மைக். அவர் மாட்டியிருந்தது ஹெட்போன். (இந்தத் திருத்தம் அவருடையதே. மடலின் படியை முந்தாநாள் எங்களிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டார்.)

அந்த நாளில் எங்கள் முதலாளி திரு. ஏசுதாசன் அவர்களுக்குப் பெரிய தலைவலி போலிக் கேசட். கிறிஸ்துமஸ் பாடல்கள் தொகுப்பு திங்கட்கிழமை கடைக்குப் போனால், வியாழக்கிழமை தாம்பரம் ரயில் நிலையத்து நடைபாதையில் அதே படம், அதே பெயர், பாதி விலை. எந்தக் கடையிலிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ரத்தினபாயின் கையிலிருந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி நழுவித் தரையில் விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குனிந்து மூடியை எடுத்தவர் நிமிரவே இல்லை, அப்படியே யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுவாரத்திலிருந்து ஊருக்கு ஒரு டிங். அந்த மூடிச் சத்தத்தைப் பதிவு செய்து, ஊருக்கு ஊர் வேறு இடத்தில் பாட்டோடு சேர்க்க வைத்தார். தாம்பரம், செங்கல்பட்டு கடைகளுக்குப் போகும் சரக்கில் இரண்டாம் சரணத்தின் முதல் வரியில், மதுரைச் சரக்கில் பல்லவி திரும்பும் இடத்தில், கோவைக்கு முடிவிசையில். போலிக் கேசட்டை வாங்கிக் கேட்டால் போதும், எந்த ஊர்ச் சரக்கைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள் என்று அரை மணியில் தெரிந்துவிடும். அட, என்ன மூளை! டிங் இல்லாத பிரதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதிவு நாடாவிலிருந்து வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே எடுத்து, மல்லிகைச் சரம் சுற்றி, பாடியவர் கையிலேயே முதலாளி கொடுக்கும் முதல் கேசட். பாடியவரையே சந்தேகப்படும் வழக்கம் அன்றைக்கு இங்கே இல்லை.

இதில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாண்டு கழித்துச் சேலையூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போயிருந்தார். பாடகர் குழு எங்கள் பாட்டைப் பாடியது. பல்லவி திரும்பும் இடத்தில் ஒரு பெண் முன்னால் வந்து, பயபக்தியோடு முக்கோண மணியை ஒருமுறை தட்டினாள். டிங்! மதுரைச் சரக்கைப் பார்த்து எடுத்த போலிக் கேசட்டில் பாட்டுப் படித்திருக்கிறார்கள். ஆராதனையென்றும் பாராமல் சிரித்துவிட்ட அவரை, கணவர் ஆஸ்டின் வெளியே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. முதலாளிக்கு இது கோபமூட்டியது. அவருக்கோ, இவ்வளவு ஆசையாய்ப் பாட்டுப் படித்தவர்கள் கடைக்கு வந்து ஏன் வாங்கவில்லை என்பதுதான் கேள்வி. கேட்டே விட்டார். தாம்பரம் கடையில் டிசம்பர் பத்தாம் தேதியே சரக்குத் தீர்ந்துவிட்டதாம். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே இரட்டிப்புச் சரக்கு அனுப்ப வைத்தார். அந்த வருடம் நடைபாதையில் போலி விற்கவில்லை.

"ஏன் மேடம்" என்று அவருக்குப் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். போலீஸோடு சோதனைக்குப் போனால் கடைக்காரரிடம், "எதை அதிகமா கேக்கறாங்க?" என்று விசாரிப்பார். குறுந்தகடு வந்த காலத்தில், யாரும் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டு வைத்த தகடு வெளியிடலாமென்று நிறுவனம் முடிவெடுத்தது. அந்தத் தகடு கணினியில் ஓடவில்லை, பேருந்தில் ஓடவில்லை, பாதிக் கார்களில் ஓடவில்லை. நடைபாதைத் தகடு எல்லாவற்றிலும் ஓடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்டார்கள். "காசு கொடுத்தவனுக்குப் பூட்டு, திருடினவனுக்குத் திறந்த வீடு. நாம யாரை சார் தண்டிக்கிறோம்?" என்று அவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு இன்னமும் கோப்பில் இருக்கிறது. முதலாளி அதன் ஓரத்தில் "பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார். பார்ப்பதற்குள் மூவாயிரம் தகடு திரும்பி வந்துவிட்டது.

பிறகு இணையம் வந்தது. நடைபாதை உலகம் முழுக்க நீண்டுவிட்டது. எங்கள் பாட்டை யார் எங்கே ஏற்றினாலும் தானே கண்டுபிடித்துப் பட்டியல் போடும் மென்பொருளை நிறுவனம் வாங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பட்டியலைச் சரிபார்த்து அந்தந்த வீடியோ தளத்துக்குப் புகார் அனுப்புவது அவர் பொறுப்பு. ஒரு சேனல் மீது மூன்று புகார் நிலைத்தால், சேனலே மூடப்படும். அதில் உள்ளது அத்தனையும் போய்விடும். ஒரு பொத்தானில் நூறு புகார் அனுப்பலாம். அவரோ ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டு, கீழே உள்ள கருத்துகளையெல்லாம் படித்து, பிறகுதான் அனுப்பினார். வாரத்துக்குப் பதினைந்துக்கு மேல் தாண்டாது. முதலாளி சலித்துக்கொள்வார். நாங்களும் சலித்துக்கொண்டிருக்கிறோம். மறைப்பதற்கு என்ன இருக்கிறது!

முப்பத்திரண்டு ஆண்டில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்காமல் விட்டார். சென்ற ஆண்டு ஆகஸ்டில், மறுநாள் காலை கண்புரை அறுவைக்குப் போக வேண்டும். பட்டியலில் அறுபத்து நான்கு சேர்ந்துவிட்டது. முதலாளி இரண்டு முறை போனில் அவசரப்படுத்திவிட்டார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தவருக்கு அந்த அறுபத்து நான்கும் முள்ளாய் உறுத்தின. புகார் போன பாட்டுகள் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தச் சேனல்களில் மற்றவை இருக்குமே என்று, ஆஸ்டினை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார், கருத்துகளை வாசிக்கச் சொன்னார். இருபதாவதோ இருபத்தோராவதோ, ஒரு சேனலில் நாற்று நடும் பாட்டு ஓடியது. கீழே ஒருவர் எழுதியிருந்ததை ஆஸ்டின் வாசித்தார்: "இது டூப்ளிகேட். ஒரிஜினல்ல ரெண்டாவது சரணத்துல ஒரு டிங் வரும். இதுல இல்ல." அதற்கு நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டிங் இல்லையென்றால், அது எந்தக் கடைச் சரக்கும் இல்லை. முதல் கேசட்.

பாடியவர் முடிச்சூர் கிளியம்மாள். தொண்ணூற்றேழில், முடிச்சூரில் இன்னும் நெல் விளைந்த காலத்தில், நடவுப் பாட்டும் அம்மன் பாட்டுமாக ஒன்பது பாடல்கள் எங்களுக்குப் பாடிக்கொடுத்தவர். சேனலும் அவருடையதே, காட்டாங்குளத்தூரில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் மகள் தீபா தொடங்கிக்கொடுத்தது. மென்பொருள் தானாக அனுப்பிய ஒரு புகார் ஜூன் மாதமே போயிருந்தது. இப்போது ரத்தினபாய் அனுப்பியது இரண்டாவது. ஒன்பதில் இரண்டு பாட்டு போய்விட்டது. இன்னும் ஒரு புகார் போனால் ஏழும் போய்விடும்.

அந்த ஏழு போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்குச் சொல்லாத ஒன்றை முதலாளியின் அனுமதியோடு இன்று சொல்கிறோம். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர்க் கிடங்கில் இருந்த எங்கள் மூல நாடாக்கள் அத்தனையும் சேறாகிவிட்டன. எங்களிடம் மிஞ்சியவை டிங் விழுந்த, தேய்ந்த பிரதிகளே. கிளியம்மாளின் குரல் பழுதில்லாமல் உலகத்துக்குக் கேட்கும்படி ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தைத்தான் நாங்கள் திருட்டு என்று மூடப் பார்த்தோம்.

மூன்றாவது புகாரை முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். கிளியம்மாளின் சேனலுக்கு எங்கள் சேனலைவிட மூன்று மடங்கு கூட்டம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள்தான் போலிபோலத் தெரிகிறோம் என்பது முதலாளியின் வருத்தம். முதல் கேசட் என்பதை நம்பவில்லை. டிங்கைக் கணினியில் அழித்திருப்பார்கள் என்றார். முதல் கேசட்டாகவே இருந்தாலும் உரிமை கம்பெனிக்குத்தானே என்றார். திங்கட்கிழமைக்குள் புகார் போக வேண்டும், ரத்தினபாய் அனுப்பாவிட்டால் வேறு ஆள் அனுப்புவார் என்றும் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அறுவைக்கு அடுத்த சனிக்கிழமை, ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அவர் முடிச்சூர் போனார். வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அதன் பின்னால் கிளியம்மாளின் வீடு. வாசலிலேயே நிறுத்திக் கிளியம்மாள் கேட்டார்:

"நான் பாடின பாட்ட நானே திருடிகினேன்னு லெட்டர் வந்துகீது. நீதான் போட்டியா?"

"ஆமாம்மா. கேட்காமலே போட்டுட்டேன்."

"பாட்டு கம்பெனில இருந்துகினு, பாட்டக் கேக்காமயா?"

முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் தன்னை இப்படி யாரும் அடித்ததில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார். அங்கேயே அழுதுவிட்டார். கண் அறுவை செய்தவள் அழக் கூடாது என்று கிளியம்மாளே உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்திருக்கிறார். பெரிய சார் அன்றைக்கே தனக்கு வாக்குக் கொடுத்தார், இப்போது யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று கிளியம்மாளுக்கு ஆறாத குறை. தீபா எழுதிய பதிலுக்கு, ஆதாரம் இல்லையென்று எங்கள் அலுவலகமே மறுப்பு அனுப்பியிருந்தது. எங்கள் நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேள்வியை ஆரம்பித்தார். வாக்குக் கொடுத்தது எப்போது? எந்த இடத்தில்? கடைசிப் பாட்டைப் பாடி முடித்த கையோடு, மைக்குக்கு முன்னாலேயே என்றார் கிளியம்மாள்.

ரத்தினபாய் ஒன்பதாவது பாட்டைப் போடச் சொன்னார். பாட்டு முடிந்தது. தீபா மடிக்கணினியை மூடப் போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது வெட்டினாயா என்று கேட்டார். தனக்கு வெட்டத் தெரியாது, ஓடி முடியும் வரை விட்டு அப்படியே ஏற்றியதாகத் தீபா சொன்னாள். வெறும் இரைச்சல் ஓடியது. இருபது நொடி, முப்பது நொடி. லட்சம் பேர் கேட்ட பாட்டு. அந்த இடம் வரை ஒருவரும் வந்ததில்லை. நாற்பதாவது நொடியில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு இளம் குரலில் கிளியம்மாள்: "சார், இத்த நான் எங்கூர்ல போட்டுக்கலாமா?" அதற்கு ஓர் ஆண்குரல்: "உன் பாட்டும்மா அது. எங்க வேணும்னாலும் போட்டுக்க. கம்பெனி குறுக்க வராது."

அந்த ஆண்குரல் இன்று இம்மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை அவர் அறையில் நடந்ததைக் கதவுக்கு வெளியே நின்று நாங்கள் எல்லோரும் கேட்டோம் என்பதை இங்கே வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். பாட்டு முடிந்ததும் முதலாளி, "சரி, கேட்டாச்சு" என்று எழுந்தார்.

"சார், இன்னும் முடியல" என்றார் ரத்தினபாய்.

அந்த நாற்பது நொடி எங்களுக்கும் நாற்பது வருஷமாய் நீண்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. முதலாளி மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். "எனக்குத் தொண்டை அப்ப நல்லா இருந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு மெதுவாக, "ரெண்டையும் வாபஸ் வாங்கிடும்மா. நானே முடிச்சூர் போறேன்" என்றார். போனார் என்பதையும் பதிவு செய்கிறோம். மல்லிகைச் சரத்தோடு போனார். சொன்ன வாக்கைத் தன் குரலாலேயே கேட்டு, அதற்குக் கட்டுப்பட்ட முதலாளிக்கும் இம்மடலில் ஒரு வணக்கம்.

வாபஸ் வாங்கும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவர் எழுதியது: "கேட்காமல் அனுப்பினேன். தவறு என்னுடையது." இன்றைக்கு ஒன்பது பாட்டும் கிளியம்மாளின் சேனலில் இருக்கின்றன, அதுவே அப்பாடல்களின் வீடு என்று நிறுவனம் எழுதிக்கொடுத்துவிட்டது. எங்கள் சேனல் அங்கே போக வழி காட்டுகிறது. வருமானத்தில் எங்களுக்கும் பங்கு தர அந்த அம்மாள் மனம் வைத்தார். புகார்ப் பட்டியலை முழுக்கக் கேட்காமல் அனுப்பக் கூடாதென்பது இப்போது அலுவலக விதி. வாரத்துக்குப் பதினைந்துக்கு மேல் தாண்டுவதில்லை. நாங்கள் இப்போது சலித்துக்கொள்வதில்லை.

அம்மையே! "அவர்" என்றது போதும். இனி முகத்துக்கு நேரே சொல்கிறோம், எழுந்து போனாலும் பின்னாலேயே வந்து சொல்வோம். தங்களைப் போல் எங்களுக்குக் காது கிடையாது. ஆனால் தங்களால் எங்களுக்குக் கேட்க ஆசை வந்திருக்கிறது. திருடுகிறவன் யார் என்று தேடிய தொழிலில், விரும்புகிறவர் யார் என்று தேடிய ஒரே ஆள் தாங்கள்.

பேக்கிங் மேசைக்கு அடியில் பத்தாண்டாய்க் காணாமல் கிடந்த அந்த டிபன் பாக்ஸ் மூடியைத் தேடி எடுத்துப் புளிபோட்டுத் துலக்கி, இம்மடலோடு தங்களுக்கு அளிக்கிறோம். டப்பா இன்னும் தங்களிடம்தான் இருக்கிறது என்று ஆஸ்டின் சார் சொன்னார். கண்ணொளி கூர்மையாய், செவிச்சுவை செழுமையாய், கேள்விக்கணை ஒருநாளும் மழுங்காமல், ஆஸ்டின் சாரின் பொறுமையும் அவ்வாறே மழுங்காமல், தாங்கள் நூறாண்டு நலமோடும் மகிழ்வோடும் வாழ, அவரவர் தெய்வத்தை அவரவர் முறைப்படி வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
நாதவெளி ஆடியோஸ் ஊழியர்கள்
குரோம்பேட்டை

(கையொப்பங்களுக்குக் கீழே, மடலைச் சுற்றிய மரச்சட்டத்தின் ஓரத்தில், கிளியம்மாள் சொல்லத் தீபா எழுதியது)

ரத்தினம்மா, எல்லாரும் எழுந்து போய்ட்டாங்களா? நீ இங்க வரைக்கும் படிப்பேன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம வூட்டுக்கு வா. புதுசா ஒரு பாட்டு கட்டி வெச்சுகிறேன். இன்னும் யாருமே கேக்கல. மொதல்ல நீ கேளு.